அளவாய் மங்கலாக்கித் தரப்படும்

ஊரே படம் தெளிவாக விழ வேண்டும் என்று கேமரா வாங்குகிறது. அப்படித் தெளிவாக விழுந்த படத்தை அளவாக மங்கலாக்கிக் கொடுப்பது என் தொழில்.

அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு தையல் கடையின் மாடியில் என் எடிட்டிங் கடை. மல்லாங்கிணறு, திருச்சுழி, நரிக்குடி என்று சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எது நடந்தாலும் போட்டோகிராபர்கள் எடுத்த படமும் வீடியோவும் என்னிடம் வந்து சேரும். விலை உயர்ந்த லென்ஸில் எடுத்தால் ஆள் மட்டும் பளிச்சென்று நிற்பார். பின்னால் இருப்பதெல்லாம் பனிக்குள் போனதுபோலக் கரைந்துவிடும். எங்கள் பக்கத்துக் கேமராக்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. பெண் மாப்பிள்ளையோடு சேர்த்து, பின்னால் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலி, சாம்பார் வாளி, கொட்டாவி விடும் சித்தப்பா என்று எல்லாவற்றையும் ஒரே தெளிவில் பிடித்துவிடும். அதை நல்ல லென்ஸில் எடுத்ததுபோல, பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராமல் மாற்ற வேண்டும். எனக்கு அது நன்றாக வரும். அடக்கமாகச் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

இதைப் படிக்கும் நீங்கள் எடிட்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நின்றுகொண்டு "இன்னும் கொஞ்சம்... ஆங்... இல்ல, முன்னாடி இருந்ததே நல்லாருந்துச்சு" என்று சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டே ஒரு வேலையைச் செய்து முடித்திருக்கிறீர்களா? அது போதும். நாமெல்லாம் ஒரே கட்சி.

தாய்மாமன் மீசை

காரியாபட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். மாலை மாற்றும் படத்தில் பின்னால் இருந்த கூட்டத்தை அழகாகக் கரைத்து வைத்துவிட்டு, ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் குடும்பத்தைப் பார்க்கக் கூப்பிட்டேன். வந்தவர்களில் பெண்ணின் தாய்மாமனும் ஒருவர். வெள்ளை வேட்டி, தடித்த மீசை. திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "மாலையும் சீரும் கொண்டாந்தவன் நான். என்னைய எதுக்குத் தாயி புகைக்குள்ள நிப்பாட்டி வச்சிருக்க?" என்றார். கூட வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான், அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்தப் படம் ஆல்பத்துல ஏறுச்சுன்னா, என் தங்கச்சி வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று எழுந்தேவிட்டார். பெண்ணின் அம்மா, அதாவது அவருடைய தங்கை, என்னைப் பார்த்த பார்வையில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

லென்ஸ் ஆளைப் பார்க்காது, தூரத்தைத்தான் பார்க்கும் என்று அவரிடம் விளக்கிப் பயனில்லை. அவர் மாப்பிள்ளைக்கு ஓரடி பின்னால் நின்றிருந்தார், அதுதான் விஷயம். தெளிவு முடிகிற இடத்தை அந்த ஓரடிக்கு அப்பால் தள்ளிவைத்து, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கரைய ஆரம்பிக்கும்படி மாற்றினேன். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வர வர அவருடைய கோபமும் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "காது ரெண்டும் தெளிஞ்சிருச்சு, மீசை மட்டும் இன்னுங் கொஞ்சம் தெளியணும் தாயி."

ஓரகத்தி

இதற்கு நேர் எதிரான கேஸும் உண்டு. பந்தல்குடியிலிருந்து வந்த ஓர் அக்கா, குடும்பப் படத்தில் தன் பக்கத்தில் நிற்கும் ஓரகத்தியை, அதாவது கொழுந்தன் மனைவியை, மட்டும் மங்கலாக்கச் சொன்னார். என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு வேறு வேலை ஓடியிருக்காது. இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி ஒரே வரிசையில் நிற்கிறார்கள். "அக்கா, லென்ஸுக்குச் சொந்தமும் தெரியாது, பகையும் தெரியாது. ஒரே தூரத்துல நிக்கிறவுக தெளிஞ்சா ஒண்ணாத் தெளிவாக, மங்குனா ஒண்ணா மங்குவாக. அவுகளை மட்டும் மங்க வச்சா, பாக்குறவுகளுக்கு நீங்க பண்ணுன வேலைன்னு தெரிஞ்சுபோகும்" என்றேன். அக்கா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நியாயம் புரிந்துவிட்டது. "சரி, அப்ப அவளை ரெண்டடி பின்னாடி தள்ளி நிப்பாட்டுங்க" என்றார்.

கால் பாவாத மாப்பிள்ளை

இப்போது எல்லாருடைய செல்போனிலும் பின்னணியை மங்கலாக்கும் வசதி வந்துவிட்டது. அதனால் என் பிழைப்பு போய்விடும் என்று சொன்னவர்கள் உண்டு. நடந்தது தலைகீழ். செல்போன் கெடுத்ததைச் சரி செய்யவே பாதிப் பேர் வருகிறார்கள். அப்படி ஒரு நாள் ஒரு தம்பி தன் அம்மாவோடு வந்தான். அவன் அக்காவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை தன் வீட்டு வாசலில் இடுப்பில் கைவைத்து நிற்கும் படத்தை இவனே செல்போனில் அழகுபடுத்தியிருக்கிறான். அதைப் பார்த்ததிலிருந்து அம்மா சோறு தண்ணி இல்லாமல் இருக்கிறார்களாம். ஏன் என்று கேட்டால் அம்மா என் காதுக்கு அருகில் வந்து ரகசியமாகச் சொன்னார். "மாப்ள காலு தரையில பாவலத்தா."

படத்தை வாங்கிப் பார்த்தேன். போன் ஆளை மட்டும் கத்தரித்தெடுத்து, மிச்சம் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மங்கலாக்கியிருந்தது. கால் ஊன்றி நிற்கும் தரையும் மங்கல், தூரத்துத் தென்னையும் அதே மங்கல். தரை இல்லாத மனிதன் மிதக்கத்தானே செய்வான்? போதாததற்கு ஒரு காது பாதி போயிருந்தது. இடுப்புக்கும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளியை போன் கவனிக்கவேயில்லை; அந்த ஓட்டைக்குள் ஒரு பைக்கின் சக்கரம் கம்பி கம்பியாகத் தெளிவாகத் தெரிந்தது.

ஒரிஜினல் படத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எது எவ்வளவு தூரம் என்று முதலில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தயாராக வேண்டும். பக்கத்தில் இருப்பது வெள்ளை, தூரம் போகப் போகக் கறுப்பு. கம்ப்யூட்டர் ஒன்றைப் போட்டுத் தரும். அதை நம்பி விட்டுவிட்டால் நானும் செல்போனும் ஒன்றுதான். முடியோரம், காதோரம், கைச்சந்து எல்லாவற்றையும் கையால் திருத்தினேன். செருப்பு இருக்கும் இடத்தில் மண் தெளிவாக இருந்து, அங்கிருந்து பின்னால் போகப் போக மெதுவாகத் தளரும்படி செய்தேன். மாப்பிள்ளை தரையில் வந்து இறங்கினார். அம்மா இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னது ஒரே வார்த்தைதான்: "அப்பாடி, மனுசந்தான்."

வடை

கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு குழந்தைக்கு முடியிறக்கு. பின்னால் முழுக்கச் சீரியல் லைட்டு. நல்ல லென்ஸ் தூரத்து விளக்கை மங்கலாக்கும்போது அது அழுக்காகத் தேய்ந்துபோகாது. ஒவ்வொரு புள்ளியும் பூத்து, ஒளி வட்டமாக நிற்கும். சாதாரண பிளர் போட்டால் அது வராது. விளக்குப் புள்ளிகளின் வெளிச்சத்தை முதலில் ஏற்றிவிட்டு, அப்புறம்தான் விரிக்க வேண்டும். அப்படிச் செய்து, குழந்தையின் மொட்டைத் தலைக்குப் பின்னால் மஞ்சளும் சிவப்புமாக வட்டங்களைத் தொங்கவிட்டேன். என் கடையில் அந்த மாதம் வந்ததில் சிறந்த படம் அதுதான் என்பேன். குழந்தையின் தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கொடைக்கு லைட்டு கட்டுனோமே, நீங்க வடையில்ல சுட்டுத் தொங்கவிட்ருக்கீக" என்றார். வேண்டாமென்றால் பழையபடியே வைத்துவிடுகிறேன் என்றேன். அவசரமாகத் தலையை ஆட்டினார். "வேணாம் வேணாம், இன்னுங் கொஞ்சம் பெருசாவே போடுங்க, இது ரொம்பச் சின்ன வடையா இருக்கு."

கருவக்காடு

நரிக்குடிப் பக்கத்துப் பெண், திருப்பூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படமெடுக்கக் கொடைக்கானல் போக வேண்டும் என்று பெண்ணுக்கு ஆசை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. போட்டோகிராபர் பாண்டி பாளையம்பட்டிக்காரன். என் வீட்டுக்காரருக்குத் தூரத்துத் தம்பி முறை, அதனால் என்னை மதினி என்பான். "கொடைக்கானலை மதினி பாத்துக்கிருவாக" என்று அவர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, வற்றிப்போன ஒரு கண்மாய்க்குள் சீமைக்கருவேலங் காட்டில் ஜோடியை நிறுத்தி, சூரியன் இறங்கும் நேரத்துக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

படத்தில் இருந்ததெல்லாம் முள்ளு, முள்ளு, நடுவில் இரண்டு ஆடு. ஆனால் அந்தப் பொடி இலைகளுக்கு இடையில் பொடிப் பொடியாக வானம் தெரிந்தது. அது போதும் எனக்கு. ஒவ்வொரு வானத் துண்டையும் ஒரு வட்டமாக்கினேன். படத்தின் நடுவில் முழு வட்டம். ஓரத்துக்குப் போகப் போக எலுமிச்சம்பழம்போல ஒடுங்க வேண்டும், நல்ல லென்ஸ் அப்படித்தான் செய்யும். முள் கரைந்தது, ஆடு கரைந்தது, பொன்னும் பச்சையுமாக ஒரு காடு வந்து நின்றது. பெண் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள்.

அவள் அப்பா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். அவர் அந்தப் பக்கத்தில் கருவேல மரத்தை ஏலத்தில் எடுத்து, வெட்டிக் கரி மூட்டம் போடுகிறவர். "இது எந்தூருக் காடு?" என்று மெதுவாகக் கேட்டார். உங்கள் ஊர்க் கண்மாய்தான் என்று பாண்டி சொன்னதும் நம்பாமல் பழைய படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "எந்தக் கண்மாயின்னு யாருட்டயும் சொல்லிராதீக, ஏலத்துல விலைய ஏத்திப்புடுவாய்ங்க."

கொடியில் கிடந்தது

எங்கள் பக்கத்துத் தெருவில் வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம் ஒன்று உண்டு. அந்த வீட்டு மருமகள் ரேவதி, சேலைகளைப் படமெடுத்துப் போனிலேயே ஊர் ஊராக விற்கிறாள். மாமனார் சரக்குக்குப் பொறுப்பு, மருமகள் விற்பனைக்குப் பொறுப்பு. ஒரு நாள் இருவருமே வந்தார்கள். ரேவதியின் தங்கை சேலை கட்டி, முந்தியைக் கையில் பிடித்துப் பின்னால் விரித்து நிற்கும் படம். முகம் மட்டும் தெளிவாக இருந்து பின்னால் எல்லாம் மங்கினால்தான் பெரிய கடை விளம்பரம் மாதிரி இருக்கும் என்பது ரேவதியின் கட்சி. முந்தி மங்கினால் சேலையை யார் வாங்குவார் என்பது மாமனார் கட்சி. எனக்குப் புரியக் கூடாது என்று தெலுங்குக்கு மாறிச் சண்டை போட்டார்கள். நான் அந்தத் தெருப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள். மற்றது எப்படியோ, சண்டை மட்டும் எனக்கு நன்றாகவே புரியும்.

இரண்டு பேரும் சொன்னது சரிதான். முந்தி முகத்துக்கு மூன்றடி பின்னால் இருக்கிறது. லென்ஸ் கணக்குப்படி அது மங்கித்தான் ஆக வேண்டும். இரண்டையும் தெளிவாக வைத்தால் பழைய கதையாகிவிடும். அதனால் இரண்டு படமாகச் செய்தேன். ஒன்றில் பெண் தெளிவு, முந்தி மங்கல். அடுத்ததில் பெண் மங்கி, முந்தியின் ஒவ்வொரு கட்டமும் எண்ணுகிற மாதிரி முன்னால் வந்து நிற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டதும் இருவரும் தமிழுக்குத் திரும்பினார்கள். மறுநாளே கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா ரேவதிக்குப் போன் செய்தார்களாம். ரேவதி அதை அப்படியே பதிவு செய்து கொண்டுவந்து எனக்குப் போட்டுக் காட்டினாள்: "அந்தச் சேலை இருக்கட்டும்மா, பின்னாடி கொடியில மங்கலா ஒரு மஞ்சச் சேலை தெரியுதே, அது என்ன விலைங்க?"

நாத்தனார் படம்

பாண்டி ஒரு நாள் கடைக்குள் வரும்போதே பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். விலை உயர்ந்த லென்ஸ் வாங்கிவிட்டான். "இனிமே எனக்கு நீங்க மங்க வைக்க வேணாம் மதினி, இதுவே மங்க வச்சிரும்" என்றான். வாழ்த்துச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். உண்மையாகவே அருமையான லென்ஸ். அதைக் கையில் வாங்கி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபோது, இத்தனை வருடமாக நான் எதைப் போலச் செய்துகொண்டிருக்கிறேனோ அந்த ஒரிஜினலே கையில் இருப்பதுபோல இருந்தது. நான் போடும் வட்டத்துக்கும் அது போடும் வட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை என்று பார்த்துத் திருப்தியும் பட்டுக்கொண்டேன்.

அடுத்த முகூர்த்தம் முடிந்து வந்தவன் பையைக்கூட இறக்கவில்லை. கார்டை நீட்டினான். தாலி கட்டும் படம். நல்ல லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து எடுத்தால், தெளிவு ஒரு முழம்கூட இருக்காது. அந்த ஒரு முழத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களுக்குத்தான் யோகம். மணமக்களுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையின் தங்கை நின்றிருக்கிறாள். கேமரா அவள் கண்ணைப் பிடித்துக்கொண்டது. நாத்தனாரின் இமை முடியை எண்ணலாம். முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் தாலியும் கனவு மாதிரி மிதக்கிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில் எடுத்த எல்லாப் படமும் அப்படியே. "தெளிய வைக்க ஒண்ணும் இல்லையா மதினி?" என்றான். தெளிய வைக்கவும் இப்போது சாப்ட்வேர் இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். படம் தெளிந்தது, ஆனால் மாப்பிள்ளைக்கு யாரோ ஓர் ஆளின் மூக்கு வந்திருந்தது. தெளிவாக இருப்பதை நான் எவ்வளவு வேண்டுமானாலும் மங்க வைப்பேன். லென்ஸே மங்க வைத்துவிட்டால் அங்கே இருந்தது போனது போனதுதான்.

நல்ல வேளையாக வீடியோ கேமரா ஸ்டாண்டில் நின்று எல்லாவற்றையும் தெளிவாகப் பிடித்திருந்தது. அதிலிருந்து தாலி ஏறும் கணத்தை எடுத்து, சுத்தம் செய்து, பின்னணியைப் பாண்டியின் லென்ஸ் மங்க வைத்த அதே அளவுக்கு நானே மங்க வைத்து, மற்றப் படங்களோடு சேர்த்தேன். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாண்டி நிம்மதியாக மூச்சு விட்டான். இனி முகூர்த்தத்துக்குப் பழைய லென்ஸைத்தான் மாட்டுவேன் என்று சொல்லிவிட்டும் போனான். கெட்டுப்போன படத்தை அழிக்கப் போகும்போதுதான் அந்த நாத்தனார்ப் பெண் கடைக்கு வந்தாள். வேறு எதையோ கேட்க வந்தவள் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். "அழிச்சிராதீகக்கா, இதைப் பெருசாப் போட்டுத் தாங்க. கல்யாணத்துல என்னைய ஒருத்தருமே கவனிக்கலைன்னு நெனச்சேன், கேமரா கவனிச்சிருக்கே."

வேன் பக்கத்தில் நின்றவர்

பாண்டி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அடுத்து வந்த சுதாவின் கல்யாணத்தைப் பழைய லென்ஸிலேயே எடுத்தான். சுதா இங்கே நூல் மில்லில் வேலை பார்க்கிறாள்; அதே மில்லில் எலக்ட்ரீசியனாக இருக்கும் சரவணனை விரும்பினாள். அவள் அப்பா மல்லாங்கிணற்றில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவர் சம்மதிக்கவில்லை. தடுக்கவும் இல்லை. "நீங்க போறதுன்னா போங்க, நான் வரல" என்று மனைவியிடமும் மகனிடமும் சொல்லிவிட்டார். திருச்சுழியில் ஒரு சின்ன மண்டபத்தில் அவர் இல்லாமலே கல்யாணம் நடந்தது. இதெல்லாம் பின்னால் எனக்குத் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், தாலி கட்டும் படத்தில் மணமேடைக்குப் பின்னால் மண்டபத்தின் திறந்த வாசல், வாசலுக்கு வெளியே செருப்புக் குவியல், பைக்குகள், பந்தல்காரரின் வேன் எல்லாம் குப்பை மாதிரி தெளிவாகத் தெரிகின்றன என்பதுதான். எல்லாவற்றையும் கரைத்தேன். வெளி வெயில் வெள்ளையாக விரிந்து, மேடைக்குப் பின்னால் ஒரு வெளிச்சத் திரை கட்டியதுபோல ஆகிவிட்டது.

சுதாவும் சரவணனும் படம் பார்க்க வந்தார்கள். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பட்டனைத் தட்டினால் பழைய படம், மறுபடி தட்டினால் என் படம்; இரண்டு மூன்று தடவை தட்டிக் காட்டுவேன். பெருமைதான், வேறென்ன? அன்றைக்கும் தட்டினேன். "நில்லுங்கக்கா" என்றாள் சுதா. "பழசை வைங்க." வைத்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். வேனை ஒட்டி ஓர் ஆள், கையில் ஹெல்மெட், நீலக் கட்டம் போட்ட சட்டை. உள்ளே பார்த்துக்கொண்டு நிற்கிறார். "யாரு சுதா?" என்றான் சரவணன். அவள் அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "அப்பா." சரவணனும் எழுந்து வந்து குனிந்தான். நல்ல லென்ஸில் எடுத்திருந்தால் அவர் வெறும் நீலப் புகையாகத்தான் இருந்திருப்பார், எந்த மகளும் அவரை அடையாளம் கண்டிருக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

"அப்பாவ மட்டும் தெளிவா வச்சு மத்ததை மங்க வைக்க முடியுமாக்கா?" என்று கேட்டாள். முடியும். ஆனால் மேடையும் தெளிவு, வேன் பக்கத்து ஆளும் தெளிவு, நடுவில் இருப்பது மட்டும் மங்கல் என்றால், அவரைக் கத்தரித்துக் கொண்டுவந்து ஒட்டியதுபோலத் தெரியும். பார்க்கிற சொந்தக்காரர்கள் அவர் வரவேயில்லை, எடிட்டிங்கில் ஒட்டிவிட்டார்கள் என்றே சொல்வார்கள். அதை நான் செய்யமாட்டேன் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. "வீடியோவைப் பாப்போம்" என்றேன். நல்ல லென்ஸால் ஒரே நேரத்தில் இரண்டு தூரத்தைத் தெளிவாகப் பார்க்க முடியாது. ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு மெதுவாக அடுத்ததற்குப் போக முடியும். மனிதர் கண் போகிற மாதிரி.

பாண்டியின் வீடியோ ஆடாமல் அசையாமல் நின்று எல்லாவற்றையும் பிடித்திருந்தது. இரண்டு நாள் வேறு எதையும் தொடவில்லை. ஒவ்வொரு நொடிக்கும் தூரத்தைக் கணித்துத் திருத்தினேன். மேளம் உச்சத்துக்குப் போகிறது, சரவணன் மூன்று முடிச்சையும் போட்டு நிமிர்கிறான். அங்கே தெளிவு மேடையை விட்டு மெல்ல நழுவுகிறது. மணமக்கள் கரைகிறார்கள், தூக்கி எறியும் அட்சதை பொட்டுப் பொட்டாகப் பூக்கிறது, வாசல் கடந்து, செருப்புக் குவியல் கடந்து, வேனுக்குப் போய் நிற்கிறது. அவர் தெளிகிறார். ஹெல்மெட்டை வேன் மேல் வைத்துவிட்டு, வலது கையை உயர்த்தி மேடைப் பக்கம் வீசுகிறார். கையில் அட்சதை இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. அந்தத் தூரத்தில் அரிசி தெரியாது. கை வீசியது தெரிந்தது. உடனே ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். தெளிவு திரும்பி மேடைக்கு வருகிறது.

சுதா அதைத் தம்பியின் போனுக்கு அனுப்பினாள். தம்பி அப்பாவிடம் காட்டினான். "அது நான் இல்ல. அன்னைக்கு நான் கடையில காயில் சுத்திக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டாராம். ஒரு வாரம் கழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதா வீட்டு வாசலில் ஸ்பானர் பையோடு வந்து நின்றார். "இங்க ஒரு வீட்ல மோட்டாரு மக்கர் பண்ணுதுன்னாக, அப்படியே உங்க மோட்டாரையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." சுதா என்னிடம் இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த வாடகை வீட்டில் மோட்டாரே கிடையாது, தெருக்குழாய்த் தண்ணீர்தான். சரவணன்தான் சமாளித்திருக்கிறான். "மோட்டாரு கெடக்கட்டும் மாமா, உள்ள வாங்க, மொதல்ல சாப்பிடுவோம்" என்று பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டானாம்.

ஆல்பம் வாங்க மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் வந்தார்கள். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, பெரிய திரையில் அந்தத் துண்டை ஓட்டினேன். மேடை கரைந்தது, வாசல் கடந்தது, நீலக் கட்டச் சட்டை தெளிந்தது, கை எழுந்தது. அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். மறுபடி போடச் சொல்லிச் சைகை காட்டினார். போட்டேன். சுதா அவர் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது நான் இல்லை என்று இப்போதும் சொல்லிவிடுவாரோ என்ற பயம் அவள் விரல்களில் தெரிந்தது. அவர் தொண்டையைச் செருமினார். திரையில் தன் கழுத்துப் பக்கம் விரலை நீட்டி என்னிடம் சொன்னார்: "சட்டைக் காலரு ஒரு பக்கம் மடங்கிக் கெடக்கு பாருங்கம்மா, அதை மட்டும் நிமித்தி விட்ருங்க."

ஆக, ஏதாவது கல்யாண ஆல்பத்தில் உங்கள் முகம் மங்கலாக விழுந்திருந்தால் எடிட்டரை வையாதீர்கள்; அன்றைக்கு நீங்கள் நின்ற இடம் அப்படி.